சந்தனமாரி ஏறாத ஏணி

இலஞ்சி, தென்காசி
2.6.2025

அன்பு மகள் ஜெயபிரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் எஸ்டேட்டில் பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கிறது. அப்படிச் சிரமப்பட்டு ஏறி நின்று போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் சொன்னது, "உங்களுக்கு வயசாயிட்டுப்பா, இனி இந்த வண்டி ஆசையெல்லாம் வேண்டாம்." நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் வைத்த பிறகு பதில் நிறையத் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான், பதில் அடுத்த பஸ்ஸில் வரும். ஆகவே காகிதம்.

விஷயம் என்னவென்றால், உன் அம்மா வெளியூர் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். இதை இன்னொரு முறை வாசித்துக்கொள். கல்யாணமான நாளில் இருந்து வெளியூர் என்றாலே தலைவலி, வயிற்றுவலி, "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லி வந்தவள். நீ அந்தத் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. ஒருதடவைகூட அவள் வந்து பார்க்கவில்லை. பத்து நாளைக்கு முன்னால் தோசை சுட்டுக்கொண்டே அவளாகச் சொல்கிறாள், "ஜெயா இருக்க எடத்த ஒருக்கா பாக்கணும்." நான் தோசையைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் காலண்டரை எடுத்தேன்.

இப்போது சிக்கல் தங்குவதற்குத்தான். உங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு அறைக்கு மூன்று நர்ஸ், விருந்தாளி ராத்திரி தங்கக்கூடாது. லாட்ஜ் என்றால் கீழே குமுளி. அங்கே படுத்துக்கொண்டு உன்னைப் பார்ப்பதற்கு இங்கேயே படுத்துக்கொண்டு போட்டோ பார்க்கலாம். அதனால் வண்டியிலேயே தங்குவது என்று முடிவு செய்தேன். ஆலங்குளத்தில் ஜஸ்டின் பட்டறையில் ஒரு மடக்கு வண்டி விலைக்கு நிற்கிறது. பாப்-அப் கேம்பர் என்று பெயர். நம் பொலிரோவுக்குப் பின்னால் மாட்டி இழுக்கவேண்டும். இழுக்கும்போது பார்த்தால் பெரிய டிரங்குப் பெட்டி. நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்புகிறது, இரண்டு பக்கமும் கட்டில் நீள்கிறது, நடுவில் நிமிர்ந்து நிற்கலாம். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியும் கணக்கில் கரையேறாதவன் நான். இதை மடக்குவதற்குப் படித்துக்கொண்டேன்.

அரசு பஸ் ஓட்டியவனுக்கு வயசாகிவிட்டதா இல்லையா என்று யோசித்து எழுது.

உன் அப்பா,
குற்றாலிங்கம்

*

எஸ்டேட் ஆஸ்பத்திரி, வண்டிப்பெரியாறு
11.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வயசு என்று நான் சொன்னது தப்புதான். வார்த்தை மட்டும்தான் தப்பு. அர்த்தம் அப்படியே இருக்கிறது.

அம்மா வருகிறாள் என்று வாசித்ததும் கூட இருக்கும் நர்ஸ்களிடம் சொல்லிவிட்டேன். அதன்பிறகு கேம்பர் என்று வாசித்து, இன்னும் உறுதியில்லை என்று திரும்பவும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் எஸ்டேட் பாதை உங்களுக்குத் தெரியாது. ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் தேயிலை மேடு, இன்னொரு பக்கம் பள்ளம். இங்கே ஒரு வழக்கம் உண்டு. பறித்த கொழுந்தை ஏற்றிக்கொண்டு லாரி இறங்கி வந்தால், எதிரே ஏறுகிறவர்தான் ஒதுங்குமிடம்வரை பின்னால் போகவேண்டும். மேனேஜர் கார் என்றாலும் அதுதான். கொழுந்து வாடினால் ஃபாக்டரியில் சண்டை வரும், அதனால் லாரி யாருக்கும் நிற்காது. போன மழைக்கு, பின்னால் போகத் தெரியாத ஒரு வேன் பள்ளத்தில் இறங்கிவிட்டது. டிரைவரின் காலுக்குக் கட்டுப் போட்டவள் நான். இப்போது சொல்லுங்கள், பின்னால் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு நீங்கள் வரவேண்டுமா?

ரூஃப் டாப் டென்ட் என்று ஒன்று இருக்கிறது. பொலிரோ கூரைமேலேயே பொருத்திவிடலாம். நிறுத்தியதும் விரித்து, ஏணி வைத்து ஏறிப் படுக்கலாம். இழுக்க ஒன்றுமில்லை, ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி வண்டியாகவே இருக்கும். நம் உவைஸ் துபாயில் இருந்து வந்து ஜீப் வாடகைக்கு விடுகிறானே, அவன் ஜீப்பில் ஒன்று இருக்கிறது. போய்ப் பாருங்கள். பார்க்காமல் சண்டை போடாதீர்கள்.

ஜெயா

*

இலஞ்சி
24.6.2025

அன்பு மகளுக்கு,

போய்ப் பார்த்தேன். பார்த்ததோடு ஏறியும் படுத்தேன். எழுதுகிறேன், சிரித்துக்கொள்.

உவைஸ் தன் ஜீப்பை அவர்கள் தென்னந்தோப்பு ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தி அந்த மொட்டைமாடிக் கூடாரத்தை விரித்தான். நல்ல சாமான், குறை சொல்லக்கூடாது. உள்ளே மெத்தை, ஜன்னல், சின்ன விளக்கு. நான் வேண்டுமென்றே குறை தேடி, கிடைக்காமல், மெத்தையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏறுங்க மாமி, ஒண்ணும் செய்யாது" என்றான் அம்மாவிடம்.

அவள் ஏணியைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததில் இருந்து இந்த ரோட்டில் வேனும் காருமாக நிற்கிறது. "ஏறதுக்கு ஏறிருவேன்யா. சேலையோட எறங்கும்போது கீழ நிக்கவன் யாரு?" என்றாள். உவைஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு தென்னைமரத்தை எண்ணினான்.

சரி, சோறு தின்றுவிட்டு நான் மட்டும் ஒரு தூக்கம் போட்டுப் பார்ப்போம் என்று மேலே ஏறினேன். அது சாரல் காற்று அடிக்கும் ஆனி மாசம் என்பதை ஏணி வைத்தவனும் மறந்தான், ஏறியவனும் மறந்தான். இந்தக் கணவாய்க்குள் காற்று நுழைந்து வந்தால் காற்றாலையே சுற்றுகிறது, துணி எம்மாத்திரம்? படுத்ததும் கூடாரம் படபடவென்று அடிக்கிறது, ஜீப் ஆடுகிறது. எத்தனையோ ஆயிரம் பயணிகளைக் குலுக்கியவனை அன்றைக்குத்தான் ஒருத்தர் குலுக்கினார்.

"மாமா, காத்து வருதா?" என்று கீழே இருந்து கேட்டான்.

"காத்து மட்டுந்தாம்லே வருது, தூக்கம் எங்கன வருது?"

இறங்கும்போது என் வேட்டி காற்றோடு பாதி ரோட்டைப் பார்த்துவிட்டது. மதுரையில் இருந்து வந்த ஒரு வேன் நின்று பார்த்துவிட்டுப் போனது. அருவியைவிட அவர்களுக்கு அது திருப்தியாக இருந்திருக்கும்.

ஆனாலும் நியாயத்தைச் சொல்கிறேன். உன் மலையில் இந்தக் காற்று இருக்காது. நீ சொன்ன ரிவர்ஸ் விஷயமும் சரி. இறங்கியபோது நான் உன் கட்சிக்குப் பாதி வந்துவிட்டேன். ஏணிக்கு ஒரு மறைப்பு கட்டினால் போயிற்று என்று வழியெல்லாம் உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். கேம்பரைப் பற்றியும் சொன்னேன். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிவிட்டுச் சொல்கிறாள், "நான் வரல. நீங்க போயிட்டு வாங்க."

ஏன் என்று கேட்டேன். தலைவலி என்றாள்.

இரண்டு வண்டியைக் காட்டி ஒருத்தியை வீட்டில் உட்காரவைத்த பெருமை நம் இருவரையும் சேரும். நீ பேசிப் பாரேன்.

அப்பா

*

எஸ்டேட் ஆஸ்பத்திரி
3.7.2025

அப்பா,

அம்மா பேசினாள். உவைஸின் அம்மா சைதூன் பீவி மாமி போனில் இருந்து, நீங்கள் கடைக்குப் போன நேரம் பார்த்து. நான் பாறை மேல் நின்றுகொண்டிருந்தேன், நல்லவேளை மழை இல்லை.

ஏணியைப் பற்றி அவள் கேட்கவில்லை. காற்றைப் பற்றியும் இல்லை. "ஏட்டி, அந்த ரெண்டுலயும் ஒண்ணுக்குப் போறதுக்கு எங்கன எடம் இருக்கு? ஒங்கப்பாகிட்ட இத நான் எப்படிக் கேக்க?" என்றாள்.

இதை உங்களிடம் சொல்லவேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். எழுதாவிட்டால் நீங்கள் ஏணிக்கு மறைப்பு கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

திருச்செந்தூர் போனோமே, நினைவிருக்கிறதா? முதல்நாள் சாயங்காலத்தில் இருந்து அம்மா தண்ணீர் குடிக்கவில்லை. வாடிப்போய் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தீர்கள். அவள் எங்கே போனாலும் அப்படித்தான் அப்பா. போகிற இடத்தில் கழிப்பறை இருக்குமா, கதவு பூட்டுமா, உள்ளே கால் வைக்க முடியுமா என்று தெரியாத ஊருக்கு அவள் வரமாட்டாள். தலைவலி, வயிற்றுவலி எல்லாம் அதற்கு வைத்த பெயர்கள். டீக்கடையில் நீங்கள் பஸ்ஸை நிறுத்தினால் ஆண்கள் இறங்கி வேலியோரம் போவார்கள். பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால், போகவில்லை. உட்கார்ந்தே இருந்தார்கள். அப்படி இருந்து இருந்து வரும் நோயோடு வாரத்துக்கு எத்தனை பேர் எங்கள் வார்டுக்கு வருகிறார்கள் தெரியுமா?

ஆகவே என் ஏணிக் கட்சி இதோடு தோற்றது. நடு ராத்திரியில் சேலையோடு ஏணி இறங்கி இருட்டில் எங்கே போவாள் என்று நர்ஸாக இருந்துகொண்டு நானே யோசிக்கவில்லை. கேம்பரில் ஒரு மூலை இருக்கும். எடுத்துக் கழுவுகிற மாதிரி சின்னக் கழிப்பறைகள் விற்கின்றன, அதை அங்கே வைக்கலாம். ஜஸ்டின் அண்ணனிடம் கதவு போடச் சொல்லுங்கள். திரை வேண்டாம். கதவு. தாழ்ப்பாள் உள்பக்கம்.

ஆனால் ரிவர்ஸ் விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். அந்தப் பெட்டியோடு பின்னால் போகத் தெரிந்தால் வாருங்கள். தெரியாவிட்டால் அம்மாவை ஏற்றிக்கொண்டு இந்தப் பாதைக்கு வராதீர்கள். இது மகள் சொல்வது இல்லை, கட்டுப் போடுகிறவள் சொல்வது.

ஜெயா

*

இலஞ்சி
20.8.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்து மறுநாள் ஆலங்குளம் போனேன்.

"அண்ணாச்சி, இந்த வண்டிக்கு ஸ்கிரீன்தான் கணக்கு. கதவு போட்டா வெயிட்டு கூடும்" என்றான் ஜஸ்டின்.

"வெயிட்டு கூடட்டும். கதவு போடுலே. தாழ்ப்பாள் உள்ள இருக்கணும்."

"உள்ள தலை முட்டுமே?"

"எனக்குத்தாம்லே முட்டும். வாரவளுக்கு முட்டாது."

போட்டுவிட்டான். கூரையோடு மடங்குகிற மாதிரி இரண்டு மடிப்புக் கதவு. ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிந்து நம்பரும் வாங்கியாகிவிட்டது. வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கு உன் அம்மா உள்ளே ஏறி, அந்தக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டாள். வெளியே நானும் ஜஸ்டினும் நிற்கிறோம். சத்தமே இல்லை. கதவு இறுகிவிட்டதோ என்று ஜஸ்டின் திருப்புளியைத் தேட ஆரம்பித்துவிட்டான். பிறகு தாழ்ப்பாள் திறந்தது. இறங்கி வந்து, "என்னைக்குக் கிளம்புதோம்?" என்றாள். தலைவலி போயிருந்தது.

இனி என் மானம் போன கதை. காலாண்டு லீவு வரைக்கும் நான் ஸ்கூல் வேன் ஓட்டவேண்டும். ஆகவே சாயங்காலம் ஸ்கூல் விட்ட பிறகு அந்த மைதானத்திலேயே பழகினேன். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது பின்பக்கம் இடது போகவேண்டும் என்றால் ஸ்டியரிங்கை இடது திருப்புவோம். இதற்கு எல்லாம் தலைகீழ். இடது திருப்பினால் பெட்டி வலது போகிறது. அது என் புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. சரி, உதவிக்கு ஆள் வேண்டும் என்று என்னோடு கண்டக்டராக இருந்த அய்யாக்குட்டி அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அதுதான் பெரிய தப்பு. அவர் விசிலோடு வந்தார்.

"லெப்டுல ஒடிச்சு வாரும்வே, வாரும், வாரும்" என்று அவர் விசில் ஊத, என் கை அவர் விசிலைக் கேட்டதும் பஸ் என்று நினைத்துக்கொண்டது. எத்தனை வருஷம் அந்த விசிலுக்குத் திருப்பிய கை! பெட்டி வில் மாதிரி வளைந்து போய் வாலிபால் கம்பத்தைச் சாய்த்தது. நிமிர்த்தி நட்டோம். மறுநாளும் சாய்த்தோம். "கொஞ்சம் ஆழமா நடணும்வே" என்றார் அண்ணாச்சி. குறை கம்பத்தின்மேல்தான்.

மூன்றாம் தடவை சாய்ந்தபோது உன் அம்மா வந்தாள். சுண்டல் கொண்டுவந்தவள் கொஞ்சநேரம் நின்று பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க நெழல்ல இருந்து சுண்டல் தின்னுங்க. அந்த விசிலக் குடுங்க" என்றாள். வாங்கி முந்தானையால் நன்றாகத் துடைத்தாள். அண்ணாச்சி இரண்டாவது தடவையாக ரிட்டயர்டு ஆனார்.

பின்னால் எடுங்கள் என்று கையை மட்டும் காட்டினாள். நான் அலுத்துப்போய், எப்படியும் போகட்டும் என்று ஒரு கையை ஸ்டியரிங்கின் அடிவிளிம்பில் தொங்கப்போட்டுக்கொண்டு, ஜன்னல்வழியே தலையை நீட்டி எடுத்தேன். பெட்டி நேராகப் போனது. நீளமாக ஒரு விசில்.

"நிறுத்துங்க. இப்ப கைய எங்கன வச்சிருந்தீங்க?"

"எந்தக் கைய?"

"வண்டி ஓட்டுத கைய."

"கீழ."

"அங்கனயே வைங்க. மேல கொண்டு போனீங்கன்னா நான் நடந்து வீட்டுக்குப் போயிருவேன்."

அதில்தான் இருந்தது விஷயம். ஸ்டியரிங்கை மேலே பிடித்தால்தான் தலைகீழ். அடியில் பிடித்துக்கொண்டால் கை எந்தப் பக்கம் போகிறதோ பெட்டியும் அந்தப் பக்கம் போகிறது. அதன்மேல் அவளாகவே ஒரு கணக்கு வைத்தாள். ஒரு விசில் என்றால் இடது, இரண்டு என்றால் வலது, நீளம் என்றால் நில். "கண்ணாடியப் பாக்காதீங்க, என்னைக் கேளுங்க" என்றாள். இப்போது தினமும் சாயங்காலம் அந்த மைதானத்தைச் சுற்றிப் பின்னாலேயே போகிறோம். முன்னால் ஓட்டுவதுதான் கொஞ்சம் மறந்திருக்கிறது. கம்பம் நேராக நிற்கிறது.

காலாண்டு லீவு விட்டதும் சனிக்கிழமை கிளம்புகிறோம். வரலாமா?

அப்பா

*

எஸ்டேட் ஆஸ்பத்திரி
29.8.2025

அப்பா,

மைதானத்தில் பள்ளம் கிடையாது. லாரியும் கிடையாது. நீங்கள் எழுதியதைச் சிரித்து வாசித்துவிட்டு அன்றைக்கு டியூட்டி முடிந்து அந்தப் பாதையில் நடந்துபோய்ப் பார்த்தேன். ஒதுங்குமிடம் இரண்டு வளைவுக்குக் கீழேதான் இருக்கிறது. வரவேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இதற்குள் அம்மா போன் செய்து, எனக்கு ரசப்பொடி எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறாள். அவள் இப்படி எங்காவது கிளம்பிக் கேட்டதே இல்லை.

வாருங்கள். கொழுந்து லாரி மத்தியானம் இறங்கும். அதற்கு முன்னால் ஏறிவிடப் பாருங்கள்.

ஜெயா

*

எஸ்டேட் ஆஸ்பத்திரி
8.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அம்மா சொன்னாள். நீங்கள் இங்கே இருந்தபோது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீங்கள் வண்டிக்குள் இருந்தீர்கள். மேலிருந்து பார்த்தால் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

காலையிலேயே வந்துவிடுவீர்கள் என்று மேட்ரனையும் வராந்தாவில் நிறுத்திவைத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கம்பம் ஊரிலும் தண்ணீர் குடித்துவிட்டு, அந்தக் கதவுக்குள் போய் வர அம்மா வேண்டுமென்றே நிறுத்தச் சொன்னாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மூடுபனி விலகியபோது கீழே பொலிரோ தெரிந்தது. பின்னால் அந்தப் பெட்டி. அதே நேரம் இந்தப் பக்கம் துல்கர்னைன் இக்கா ஓட்டும் கொழுந்து லாரி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வண்டிக்கும் ஒன்றை ஒன்று தெரியாது, எனக்கு மட்டும் இரண்டும் தெரிகிறது. மேட்ரன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வளைவில் மூக்கோடு மூக்காக நின்றீர்கள். இக்கா ஹாரன் அடித்தார். பொலிரோ கதவு திறந்து அம்மா இறங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, லாரிக்கு எதிரே போய் உள்ளங்கையைக் காட்டினாள். நில் என்று. எஸ்டேட்டில் யாருக்கும் நிற்காத லாரி நின்றது. பிறகு வண்டிக்குப் பின்னால் நடந்து போனாள். விசில் கேட்டது. ஒன்று. ஒன்று. இரண்டு. பள்ளத்துப் பக்கம் சக்கரம் போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்கு நீளமாக ஒரு விசில் கேட்டது, அப்புறம் மறுபடி இரண்டு. திறந்து பார்த்தால் பெட்டி முதல் வளைவைத் தாண்டி இருந்தது. மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்கள். இரண்டாவது வளைவும் போய் ஒதுங்குமிடத்துக்குள், பழகின மாடு தொழுவத்துக்குள் போகிற மாதிரி, அந்தப் பெட்டி போய் நின்றது. மேட்டில் இருந்து ஒரே கைதட்டல். நீங்கள் அதை உங்களுக்கு என்று நினைத்து ஜன்னல்வழியே கும்பிட்டீர்கள். அதையும் பார்த்தேன்.

இக்கா உங்களைத் தாண்டிப் போகும்போது லாரியைத் திரும்ப நிறுத்தினார். இன்றைக்கும் ஃபாக்டரியில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"சேச்சி, எந்த டிப்போவில வேல பாத்தீங்க?" என்று கேட்டாராம்.

"வீட்டுல" என்றாளாம் அம்மா.

மேலே வந்ததும் மேட்ரன் டீ கொடுத்தார். குடித்துவிட்டு, இன்னொரு டீ கிடைக்குமா என்று அம்மா கேட்டாள். வெளியூரில், புதிய இடத்தில், இரண்டாவது டீ. நீங்கள் சக்கரத்தில் இருந்த சேற்றைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தீர்கள். நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வயசு என்று சொன்னதை இந்தத் தடவை அர்த்தத்தோடு சேர்த்து வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் ஸ்கூல் திறக்கிறது என்று நீங்கள் கிளம்பியபோது, நாலு நாள் கழித்து வாரேன் என்றாள் அம்மா, இல்லையா? அதைப் பற்றி இப்போது பேச்சு இல்லை. பொலிரோ சாவி அவளிடம்தான் இருக்கிறது. உங்களிடம் வண்டி ஓட்டப் பழகிய எனக்கு, சாயங்காலங்களில் பெட்டியோடு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்கிறாள். என் கையைப் பற்றி அவளுக்குத் திருப்தி இல்லை, ஒங்கப்பா தேவலை என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் கேம்பரோடு வாகமண் போகிறோம். கொழுந்து பறிக்கிற பெண்கள் நாலு பேர் வருகிறார்கள். கதவு போட்ட வண்டி என்று கேள்விப்பட்டு அவர்களாகக் கேட்டார்கள்.

ஜெயா

*

இலஞ்சி
14.10.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அய்யாக்குட்டி அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கைதட்டல் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். அது எனக்கில்லை என்று நீ எழுதிய வரியை விட்டுவிட்டேன்.

நான் குமுளியில் பஸ் ஏறி வந்தேன். டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து. டிரைவர் சின்னப் பையன், கியர் மாற்றும்போதெல்லாம் என் கால் கிளட்சை மிதித்தது. டீ குடிக்க ஒரு கடையில் நிறுத்தினான். ஆண்கள் இறங்கிப் போனோம். திரும்பி வந்து பார்த்தேன், பெண்கள் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் டிரைவரிடம் போய், "தம்பி, இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு, நல்ல பாத்ரூம், அங்கன ஒருக்கா நிறுத்து" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான். நானும் டிரைவர்தான் என்று சொன்னதும் நிறுத்தினான். பஸ்ஸில் பாதி காலியானது. ஒரு ஆச்சி திரும்பி ஏறும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். புளியங்குடி வரைக்கும் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வீட்டில் நான்தான் சமையல். ரசம் மாதிரி ஒன்று வருகிறது. நேற்று சைதூன் பீவி சோறு கொண்டுவந்தாள்.

"மதினி எங்க அண்ணே, ஆளையே காணோம்?" என்றாள்.

"டூர்ல இருக்கா" என்றேன்.

"சந்தனமாரி மதினியா?" என்று பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். "எப்ப வருவா?"

எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போகும், எப்போது திரும்பும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாழ்நாள் பூராவும் தலையைத் திருப்பாமல் பதில் சொன்னவன் நான். "தெரியலம்மா" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு வந்த பெருமையை நீ பார்த்திருக்கவேண்டும்.

உன் அப்பா,
குற்றாலிங்கம்